சட்டையில் உதிர்ந்த பிஸ்கட் தூள்

நீலசந்திராவிலிருந்து லாங்ஃபோர்ட் டவுனுக்கு நடந்தே போய் வீட்டு வேலை செய்துவந்த சொர்ணத்துக்கு பிரெஞ்சு பிஸ்கட் செய்யத் தெரியும் என்றால் அவள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். அவளும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

1992-இல் யூனிஸ் மேடம் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தோரு வயது. கணவன் முனிகிருஷ்ணன் பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, வீட்டில் படுத்திருந்தான். மகள் மமதாவுக்கு எட்டு வயது. அதற்கு முன் சொர்ணம் வேலை பார்த்த வீட்டில் ஒரு வளையல் காணாமல் போய், அவள் சந்துக்குப் போலீஸ் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வளையல் பீரோவுக்குப் பின்னாலேயே கிடைத்தது. கிடைத்த செய்தியைச் சொல்ல மட்டும் யாரும் சந்துக்குள் வரவில்லை. அன்றிலிருந்து பிறர் வீட்டுப் பொருளைத் தொடும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசும்.

யூனிஸ் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஓஸ்வால்ட் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். பிள்ளை இல்லை. ஓஸ்வால்டுக்குச் சர்க்கரை வியாதி, இருதயமும் பலவீனம். சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதே அவருடைய பொழுது.

சனிக்கிழமைகளில் மேடம் பிஸ்கட் சுடுவார். ஜான்சன் மார்க்கெட் பக்கத்து பேக்கரியில் பஃப்ஸுக்காகத் தேய்த்து வைத்திருக்கும் மாவைச் சுடாமலேயே ஒரு பாளம் வெட்டி, பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். அதைச் சொர்ணம் ஈரத்துணியில் பொதிந்து, இளகுவதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். மேடம் மேசையில் மாவு தூவமாட்டார். சர்க்கரையைத் தூவி, அதன்மேல் பாளத்தைப் போட்டு உருட்டுவார். மேலேயும் சர்க்கரை. பிறகு இரண்டு பக்கத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி மடித்து, புத்தகம் மாதிரி மூடி, ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைப்பார். விரல் பருமனுக்கு வெட்டித் தட்டில் படுக்க வைத்தால், ஓவன் சூட்டில் அடுக்கடுக்காக விரியும். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போட வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் தவறினாலும் கருகிவிடும்.

"இதுக்குப் பேர் பால்மியே," என்றார் மேடம்.

அந்தப் பெயர் சொர்ணத்தின் வாயில் நுழையவில்லை. இரண்டு பக்கமும் சுருண்டிருப்பதைப் பார்த்து, "காது பிஸ்கட்டுன்னு வெச்சுக்கறேன் மேடம்," என்றாள். நாற்காலியிலிருந்து ஓஸ்வால்ட் இருமல் வரும்வரை சிரித்தார். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர் அவர். சின்ன வயதில் தின்ற பண்டம். இப்போது வாசனை மட்டும்தான் அவருக்கு. சுட்டதெல்லாம் ஆறியதும் டின்னில் அடைபட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடும்.

1994 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. மேடம் பிஸ்கட்டைச் சுட்டு, டின்னை அலமாரி மேலே ஏற்றிவிட்டு, பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தார். மணி மூன்றரை இருக்கும். சொர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொர்ணம், அந்த டின்னை எடு."

"மேடம் திட்டுவாங்க சார்."

"மேடம் இப்போ சாமி பாட்டு பாடிக்கிட்டு இருக்கா. சாமி பாட்டு பாடுறவங்களுக்குக் கோபம் வராது. ஒண்ணே ஒண்ணு கொடு."

அவர் கேட்ட விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. முக்காலியில் ஏறி டின்னை இறக்கி, ஒரு தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் கடிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. காய்ந்த சருகு மேல் கால் வைத்தது போல ஒரு நொறுங்கல். இன்னொன்று. அப்புறம் தட்டு தரையில் விழுந்தது.

ஓடி வந்து பார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. "சார், சார்" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டையின் நெஞ்சு முழுக்கப் பிஸ்கட் தூள்.

அதற்கப்புறம் அவள் செய்ததை அவளாலேயே பல வருடம் நம்ப முடியவில்லை. கூடத்தில் டெலிபோன் இருந்தது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். அவளோ மண்டிபோட்டு, முந்தானையால் அவர் சட்டையிலிருந்த தூளைத் தட்டினாள். மடியில் இருந்ததையும் தரையில் இருந்ததையும் விரலால் ஒற்றி எடுத்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். டின்னைப் பழைய இடத்தில் ஏற்றினாள். போலீஸ் மறுபடி சந்துக்குள் வருவதுதான் அவள் கண்ணில் நின்றது. எல்லாம் முடித்த பிறகே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நெஞ்சு ஒரே ஒரு தடவை ஏறி இறங்கியது போல இருந்தது.

டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, உயிர் நொடியில் போயிருக்கும் என்றார். மேடம் வந்து, குனிந்து கணவர் முகத்தில் முத்தமிட்டு, வெகுநேரம் நிமிராமல் இருந்தார். சொர்ணத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம் போனது. "சனிக்கிழமை மாவு வாங்கிட்டு வா," என்றார் மேடம். அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, உருட்டுக்கட்டையைப் பிடிக்க முடியவில்லை. "நான் சொல்றேன், நீ செய்." அன்று முதல் சர்க்கரை தூவியதும் மடித்ததும் வெட்டியதும் சொர்ணத்தின் கைதான். மாலையில் சர்ச்சிலிருந்து நாலைந்து பெண்கள் ஜெபத்துக்கு வருவார்கள். டீயோடு பிஸ்கட் போகும். அவர்கள் கடிக்க ஆரம்பித்ததும் சொர்ணம் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே போய் நின்றுகொள்வாள். அங்கேயும் அந்த நொறுங்கல் கேட்கும்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் முனிகிருஷ்ணன் முறுக்கைக் கடித்தபோது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்று அவன் திகைத்துப்போய்க் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. ஊற வெச்சுத் தின்னு."

அதற்குள் கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்த அவன், யாரோ சொன்னார்கள் என்று அவளை அழைத்துப்போய் மந்திரித்துத் தாயத்து கட்டினான். கயிறு நைந்து அறுந்ததுதான் மிச்சம். சாதம் வடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த வெள்ளைச் சட்டை திடீரென்று கண்முன் வந்து நிற்கும். ஏறி, இறங்கும். ஆறு வருடம் அப்படியே ஓடியது. வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை கிளம்பினாள். மேடம் வீங்கின விரலோடு கதவைத் திறக்கும்போது வாய் வராது.

2000-ஆம் ஆண்டு ஒரு சாயங்காலம் மமதா பள்ளிக்கூடத்திலிருந்து உற்சாகமாக வந்தாள். யாரோ வந்து முதலுதவி சொல்லிக்கொடுத்தார்களாம். தலையணையைத் தரையில் போட்டு, இரண்டு கையையும் அதன்மேல் கோத்து அமுக்கிக் காட்டினாள்.

"இப்படித்தாம்மா. மூச்சு நின்னு போனாலும் உடனே அமுக்கினா சில பேர் பொழைச்சுக்குவாங்களாம். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்னு மிஸ் சொன்னாங்க."

சொர்ணம் தலையணையையே பார்த்தாள். தூளைத் தட்டியது, தட்டைக் கழுவியது, முக்காலியில் ஏறியது, இறங்கியது. எத்தனை நிமிஷம்? அன்று இரவுச் சோற்றை அவள் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, மாவை மடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"மேடம், சார் போன அன்னிக்கு நான்தான் அவருக்கு பிஸ்கட் கொடுத்தேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் யூனிஸ். "முத்தம் கொடுத்தப்போ மீசையில சர்க்கரை இருந்துச்சு. நீயா சொல்வேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

சொர்ணத்தின் கை நின்றது. இந்த ஆறு வருடச் சனிக்கிழமைகளும் எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் மேடம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது. தூளைத் தட்டியதைச் சொன்னாள். போலீஸ் பயத்தைச் சொன்னாள். நெஞ்சு ஏறி இறங்கியதையும் சொன்னாள்.

யூனிஸின் முகம் வெளுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீ வீட்டுக்குப் போ, சொர்ணம்," என்றார். குரல் உயரவில்லை.

மூன்று வாரம் ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை. நாலாவது வாரம் ஒரு பகல் வேளையில், நீலசந்திரா சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. யூனிஸ் இறங்கி, குழாயடிப் பெண்களிடம் வழி கேட்டு, சாக்கடையை ஒட்டி மெதுவாக நடந்து வந்தார். சொர்ணம் வாசலில் உறைந்து நின்றாள்.

"உள்ளே வாங்க மேடம்."

"வேண்டாம். நாளைக்கு மூணு மணிக்கு வா. நீ எனக்கு ஒண்ணு காட்டணும்."

மறுநாள் அவள் போனபோது பிரம்பு நாற்காலி அதே சன்னலோரம் இருந்தது. மேடம் புடவைக்கு மேல் ஓஸ்வால்டின் வெள்ளை அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஃபேன் ஓடுச்சா?"

"ஞாபகம் இல்ல மேடம்."

"அவர் ஃபேன் இல்லாம உட்காரமாட்டார். இப்போ ஓடுது. தலையை எந்தப் பக்கம் சாய்ச்சிருந்தார்?"

"இந்தப் பக்கம். ஸ்வல்பம் கீழே."

யூனிஸ் அப்படியே சாய்ந்தார். "நீ மண்டிபோட்ட இடத்துல மண்டி போடு. நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன். சட்டையை மட்டும் பாரு."

சொர்ணம் மண்டியிட்டாள். மேடம் கண்ணை மூடி மூச்சை அடக்கினார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. தொளதொளவென்றிருந்த அந்தச் சட்டை, பை இருக்கும் இடத்தில் மெல்லப் புடைத்தது, அடங்கியது. மறுபடி புடைத்தது. சொர்ணத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மேடம் தாங்க முடியாமல் மூச்சை இழுத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது.

"எது?" என்றார், மூச்சு வாங்கியபடி. "மொதல்ல பார்த்ததா, இப்போ பார்த்ததா?"

அவர் மனம் ஆறட்டும் என்று முதலாவதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியல மேடம். ரெண்டும் அதே மாதிரிதான் இருக்கு."

யூனிஸ் வெகுநேரம் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்தார். விரல் ஒத்துழைக்காததால் சொர்ணம் வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

"அன்னிக்குக் காலையில சுடும்போதே அவர் என்கிட்ட கேட்டார்," என்றார் யூனிஸ். "ஒரு துண்டு, ஓரம் கருகினதா இருந்தாக்கூடக் கொடுன்னார். நான் கொடுக்கல. கத்தினேன். வெளியே கிளம்பும்போது 'போயிட்டு வரேன்'னுகூட சொல்லல. அவர் கேட்டு நான் கொடுக்காதது நாலு வருஷம். நீ கொடுத்தது ஒரு நாள்." சொர்ணம் தரையிலேயே, நாற்காலிக் காலருகே உட்கார்ந்திருந்தாள். ஜெபத்துக்கு வந்த பெண்கள் மணி அடித்தார்கள். இருவரும் எழுந்து போய்த் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மேடம் பிஸ்கட் போடச் சொல்லவே இல்லை. மற்ற வேலைகள் நடந்தன. சொர்ணத்துக்குத் தூக்கம் கொஞ்சம் திரும்பியது. முனிகிருஷ்ணன் முறுக்கைப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றான். ஆனாலும் யாராவது கண்ணயர்ந்து கிடந்தால் அவர்கள் நெஞ்சைப் பார்க்காமல் அவளால் தாண்டிப் போக முடியாது. மமதாவை அதற்காகவே எத்தனையோ முறை எழுப்பிவிட்டிருக்கிறாள்.

2004-இல் யூனிஸ் சென்னையில் இருந்த அக்கா மகளிடம் போய்ச் சேர்ந்தார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகரும் முன், "எனக்கு லெட்டர் போடு," என்றார். மமதா அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு கடிதத்துக்குப் பதில் வந்தது. மூன்றாவது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அந்த வீட்டு டெலிபோன் எண் சொர்ணத்திடம் இல்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

மமதாவுக்குக் கல்யாணமாகி, குடும்பம் சந்தாபுராவுக்குக் குடிபோனது. அங்கிருந்து ஊருக்குள் வரும் பஸ் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் வரும். சொர்ணம் சில நாள் அங்கே இறங்குவாள். ஓஸ்வால்டின் கல்லறையை ஒட்டி ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டிருந்தது. தனக்காக மேடம் கேட்டு வாங்கி வைத்த இடம் அது என்று தோட்டக்காரர் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் சொர்ணம் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பாள். மண் கிளறியிருக்கிறதா, புதுச் சிமெண்டு பூசியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். 2008 டிசம்பரில் கடைசியாகப் போனபோதும் அங்கே புல்தான் மண்டிக் கிடந்தது. இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதா, எங்கோ வேறு மண்ணில் வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், கையால் ஆனவரை அந்தப் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.