மீன் வயிற்றில் நாலு நிமிடம்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரே படம் யோனாவின் கதைதான். கார்ட்டூன் படம். நினிவேக்குப் போ என்று கடவுள் சொல்ல, யோனா வேறு ஊருக்குக் கப்பல் ஏறி, புயலில் மாட்டி, கடலில் தூக்கிப் போடப்பட்டு, ஒரு பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்து கரையேறுகிற கதை. ராஜபாளையத்தில் நடந்த ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் வாசலில், வசன காலண்டர் விற்ற கடையில் அந்த சிடியை என் மனைவி வாங்கினாள். வார நாட்களில் அவள் ஒரு நூற்பாலையில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதிகிற டைம் ஆபீசில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பிள்ளைகளுக்கு டீச்சர்.

படத்தின் தரத்தைச் சொல்லியாக வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் இருக்கிறேன். மங்கலான நகல் வந்தால் திருப்பி அனுப்பி வேறு எடுக்கச் சொல்வது என் அன்றாட வேலை. அப்படிப்பட்டவனுக்கு அந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு தண்டனை. யோனாவின் முகம் மொசைக் தரை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். கடல் ஊறுகாய் எண்ணெய் நிறத்தில் இருக்கும். சபைக்கு அகல டிவி வந்த பிறகு எல்லோரும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துவிட்டார்கள். தீர்க்கதரிசி என்றால் குண்டாகத்தான் இருப்பார் என்று எங்கள் பிள்ளைகளில் சிலர் நம்பினார்கள். சத்தத்தில் இன்னொரு தொல்லை. ஒரு பக்க ஸ்பீக்கரில் தமிழ், மறுபக்கத்தில் இங்கிலீஷ். இரண்டையும் விட்டால் யோனா தன்னோடு தானே சண்டை போடுவது போலக் கேட்கும். நான் இங்கிலீஷ் வயரைப் பிடுங்கி வைத்திருந்தேன்.

மீன் யோனாவை விழுங்கியதும் திரை முழுக்கக் கறுத்துவிடும். வசனம் கிடையாது. 'களக் களக்' என்று தண்ணீர்ச் சத்தம் மட்டும். முதல் தடவை கரண்ட் போய்விட்டது என்று நினைத்து என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"மீன் வயித்துக்குள்ள லைட்டா போட்டிருப்பாக? இருட்டாத்தான் இருக்கும்" என்று அவளே முடிவுசெய்து, பிள்ளைகளை முழங்கால் போட வைத்தாள். "யோனா இப்ப ஜெபம் பண்ணுதாரு. நீங்களும் கண்ண மூடி, மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க."

அவள் டைம் ஆபீஸ்காரி. நாலு நிமிடம் பத்து விநாடி என்று கணக்கு வைத்திருந்தாள். சரியாக அந்த நேரத்தில் "ஆமென்" சொல்வாள். சொன்ன மறு நொடி மீன் வாயைத் திறந்து யோனாவைக் கரையில் துப்பும். பிள்ளைகள் அசந்துபோவார்கள். டீச்சர் சொன்னால் மீனே கேட்கும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது.

போன வருடம் மே மாதம், பத்து நாள் விடுமுறைப் பள்ளியின் முதல் நாளே சிடி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. மாலுமிகள் யோனாவைத் தூக்கி எறிந்தார்கள். அவர் கடலில் விழவில்லை. கையையும் காலையும் விரித்தபடி அந்தரத்தில் நின்றார். முந்தானையால் துடைத்தோம், ஊதினோம், யாரோ சொன்னார்கள் என்று பற்பசை தடவிக்கூடத் தேய்த்தோம். அதற்குப் பிறகு அவர் கப்பலிலேயே ஏறவில்லை.

துபாயில் இருக்கும் என் மைத்துனனிடம் நான்தான் சொன்னேன். அதே படத்தைப் புதிதாகச் சுத்தம் செய்து ப்ளூரேயில் போட்டிருக்கிறார்கள் என்று அவன் தேடிப்பிடித்து, அந்த வாரமே ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அட்டையில் இருந்த யோனா ஒல்லியாக இருந்தார். "இது நம்ம யோனா இல்லங்க" என்றாள் என் மனைவி. அந்தத் தட்டை ஓட்டுகிற கருவி எங்களிடம் கிடையாது. கோர்ட்டில் எனக்குப் பழக்கமான ஒரு வக்கீலிடம் இருந்தது.

அவருக்கு வயலும் தோப்பும் உண்டு. ஆனால் வந்ததையெல்லாம் வீட்டு மாடியில் ஒரு சினிமா அறையாக மாற்றியவர். வழக்கைப் பற்றி ஒரு வாக்கியத்தில் முடிப்பார், திரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பிள்ளைகளக் கூட்டியாங்க. வேதக்காரப் பிள்ளைக, நம்ம பிள்ளைக எல்லாம் ஒண்ணுதான். படத்தப் படமாப் பாக்கணும்."

விடுமுறைப் பள்ளியின் கடைசி நாள் காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரு வேனில் அடைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். போதகரும் வந்தார். மாடியறையில் ஜன்னல் இல்லை. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. "சாவு விழுந்த துஷ்டி வீடு மாதிரில இருக்கு" என்று என் மனைவி என் காதில் சொன்னாள். வக்கீலுக்குக் கேட்டுவிட்டது.

"வெளிச்சம் எங்கயும் தெறிக்கக் கூடாது டீச்சர். இம்புட்டு இருட்டு இந்த ஜில்லாவுலயே வேற எங்கயும் கிடையாது."

போதகரை மரியாதையாக ஒரு சாய்வு சோபாவில் உட்கார வைத்தார். ஏதோ பொத்தானில் கை பட்டு, சோபா பின்னால் சரிந்து போதகரின் கால்கள் மேலே வந்தன. மீட்கத் தெரியாமல் அவர் அப்படியே படம் பார்த்தார்.

படம் தொடங்கியது. கடல் நீலமாக இருந்தது. யோனாவின் தாடியில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. கப்பலில் ஒரு பூனை இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதை மூட்டை என்று நினைத்திருந்தோம். படம் இங்கிலீஷில் பேசியதால் என் மனைவி திரையின் ஓரத்தில் நின்று தமிழில் கதை சொன்னாள். புயல் அடித்தது. மீன் வந்தது. விழுங்கியது.

"பிள்ளைகளா, யோனா இப்ப மீன் வயித்துக்குள்ள இருக்காரு. கும்மிருட்டு. எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ண மூடுங்க" என்று சொல்லிவிட்டு, அவளும் கண்ணை மூடினாள்.

அறை முழுக்க வெளிச்சம் வெடித்தது. சுவரின் நாலு மூலையிலிருந்தும் மேளம். மீனின் வயிறு கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. பாவாடை கட்டிய இறால்கள் வரிசையாக வந்து இடுப்பை ஆட்டின. ஒரு ஆக்டோபஸ் எட்டுக் கையாலும் டிரம் அடித்தது. நடுவில் யோனா, அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினார்.

முன்வரிசைச் சிறுமி எழுந்து நின்று கத்தினாள். "டீச்சர்! கண்ணத் தொறங்க! யோனா ஆடுதாரு!"

என் மனைவி கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு இறால் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடியிருந்தவர் ஒருவர்தான், போதகர். சோபாவில் மல்லாந்தபடி கைகூப்பிக்கொண்டு, சத்தம் வந்த திசை புரியாமல், "ஆமென் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

தமிழ் சிடி போட்டவர்கள் பாட்டைத் தமிழில் பாடவைக்கச் செலவு பார்த்து, அந்த இடத்தைக் கறுப்பாக்கித் தண்ணீர்ச் சத்தத்தைப் போட்டிருப்பார்கள் என்றார் வக்கீல். அவருடைய வீட்டம்மா எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். என் மனைவி தொடவில்லை. வேன் ராஜபாளையம் வரும்வரை பிள்ளைகள் இறால் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "பன்னெண்டு வருசம். உள்ள கச்சேரி நடந்துக்கிட்டு இருந்திருக்கு. நான் அதுக்கு முன்னால பிள்ளைகள முழங்கால் போட வச்சிருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு நாள் எனக்கு மோர்ச்சோறுதான்.

மூன்றாம் நாள் காலை காப்பியோடு வேதப்புத்தகத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். யோனா, இரண்டாம் அதிகாரம்.

"படிங்க. மீன் வயித்துல அவர் என்ன பண்ணுதாருன்னு பாருங்க. முழு அதிகாரமும் ஜெபம். இறால் எங்கயாவது இருக்கா?"

இல்லை.

"அப்ப எந்த சிடி சரி? நான் வாங்குனதா, நீங்க வரவழைச்சதா?"

நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். காப்பியில் அன்று சீனி இருந்தது.

ஆனால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு முப்பத்தோரு பேர் வந்தார்கள், எல்லோரும் இறாலுக்காக. "ஏலே, இது சபையா சினிமாக் கொட்டகையா?" என்று என் மனைவி பையன்களை அதட்டினாள். அதட்டலில் வலு இல்லை. அன்று வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு பெண் வாசலில் நின்றாள். சின்ன வயதில் எங்கள் ஞாயிறு பள்ளியில் படித்தவள், இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் காதிலும் இறால் கதை விழுந்திருக்கிறது.

"நெசமாவா டீச்சர்? உள்ள ஆட்டமா?"

"ஆமாட்டி. ஊரே சிரிக்குது."

அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள். "மொத மொத நைட் டூட்டியில ஒரு பேஷண்ட் இறந்துபோனாக டீச்சர். கொஞ்ச நேரம் ஸ்டோர் ரூமுக்குள்ள போயி, லைட்ட அமத்திட்டு, நம்ம மீன் வயிறுன்னு நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். பொறவு வேலைய பாத்தேன். எனக்கு அந்த இருட்டு சிடிதான் வேணும்."

என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவளே வக்கீலுக்குப் போன் போட்டு, அடுத்த மே மாதத்துக்கு நாள் கேட்டாள்.

இந்த மே மாதம் மறுபடி வேன் போனது. மீன் விழுங்கியதும் வக்கீல் படத்தை நிறுத்தி எல்லா விளக்கையும் அணைத்தார். பக்கத்தில் இருப்பவர் தெரியாத இருட்டு. பிள்ளைகள் நாலு நிமிடம் பத்து விநாடி முழங்காலில் இருந்தார்கள். "ஆமென்" என்றாள். வக்கீல் பொத்தானை அழுத்த, இறால்கள் வந்தன. இந்த முறை போதகர் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வக்கீலுக்கு ஒரு வேதப்புத்தகம் கொடுத்திருந்தோம். படம் முடிந்து சாப்பிடும்போது அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "டீச்சர், யோனா கதை மொத்தமே ரெண்டு மூணு பக்கந்தான இருக்கு. இத வச்சு ஒன்றரை மணி நேரம் எப்படிப் படம் எடுத்தான்?"

"வேற வழியில்லாமத்தான் இறாலக் கூப்பிட்டிருக்காக" என்று சொல்லிவிட்டு, என் மனைவி பிள்ளைகளின் இலைகளுக்குச் சாம்பார் ஊற்றப் போனாள்.