அப்டேட் எதுவரைக்கும் என்று கேட்டேன்

மகளின் பாடத்துக்கும் என் ஆன்லைன் டியூஷனுக்கும், பிரவுசரிலேயே எல்லாம் ஓடுகிற விலை குறைந்த லேப்டாப் போதும் என்று ஒரு மாதம் படித்துப் பார்த்து முடிவு செய்திருந்தேன். இந்த வகை லேப்டாப்புக்குக் கம்பெனி குறிப்பிட்ட வருஷம் வரைக்கும்தான் அப்டேட் அனுப்பும்; அது நின்றுபோனால் லேப்டாப்பை நம்பிப் பயன்படுத்த முடியாது. அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறிப் போய், கடைக்காரரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"இந்த மாடலுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?"

"அதெல்லாம் சூப்பரா ஓடும் மேடம். சார் வரலையா?"

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கலரைத்தான் காட்டினார். நான்தான் தப்பாகக் கேட்கிறேனோ என்று சந்தேகம் வந்து, கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். என் கேள்வியையே கணவரும் கேட்டிருக்க வேண்டும்.

"அடுத்த வருஷத்தோட முடியுது சார். பழைய ஸ்டாக்கு," என்றார் கடைக்காரர், சட்டென்று.

லேப்டாப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத மனிதருக்கு உடனே பதில்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பில் போட்டுடவா சார்?"

போனைப் பிடுங்கினேன். "வாங்க வந்தது நானு. எனக்கு வேணாம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர்மேல் இருந்த கோபம் அன்றைக்கே தணிந்தது. அந்தப் போனை ஏன் போட்டேன் என்று என்மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.