இரண்டு என்றால் நீ

ஜப்பானிய மொழியில் இரண்டுக்கு 'நீ' என்று பெயர். அது தெரியாமல்தான் முதல் நாள் கராத்தே வகுப்புக்குப் போனேன். வெள்ளைச் சீருடை போட்ட நெட்டை அமெரிக்க மாணவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே நின்று, அடிவயிற்றிலிருந்து "இச்சி! நீ!" என்று கத்தினார். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. சுற்றி இருந்தவர்கள் பாட்டுக்குக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தூக்கிய கையோடு நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து யாராவது 'நீ' என்று சொல்லி அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள். அம்மா, அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஆன்ட்டி. "ஆன்ட்டி, நீங்க சாப்ட்டீங்களா?" என்பார்கள். பார்சிப்பனி ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான். மேனேஜருக்கும் அதுதான், பூனைக்குட்டிக்கும் அதுதான். ஒரே மகன் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறான். நான் பேசும் தமிழ் அவனுக்கு ஒரு சொல் விடாமல் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கிண்டர்கார்டன் போகும்வரை "அம்மா, நீ வா" என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தவன், இப்போது "மாம், யூ ஷுட் செல் த ஹவுஸ்" என்கிறான். என்னை 'நீ' என்று கூப்பிட இந்த நாட்டில் மிச்சம் இருந்தது என் கணவர் ஒருவர்தான். ஒரு பிப்ரவரி காலையில் டிரைவ்வேயில் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கராத்தேக்கு நான் போனதற்கு வீர தீரக் காரணம் எதுவும் கிடையாது. இந்தியன் ஸ்டோருக்குப் பக்கத்துக் கடைதான் அந்த வகுப்பு. ஒரு சனிக்கிழமை கறிவேப்பிலையும் தயிரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போக மனசே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே போய்விட்டேன். தயிர் காரிலேயே கெட்டுப்போனது.

சர்ச்சில் விஷயம் பரவியது. "இந்த வயசுல கராத்தேவா ஆன்ட்டி? யாரை அடிக்கப் போறீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். உன்னைத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆராதனை நேரம், விட்டுவிட்டேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுவது ஒருவர் வேலை இல்லை. வரிசையில் முதல் ஆள் பத்து வரை எண்ணுவார், மற்றவர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து விடுவார்கள். பிறகு அடுத்த ஆள் எண்ணுவார். நான் கடைசியில் நின்றுகொள்வேன். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு 'நீ' வரும். முட்டாள்தனம்தான், எனக்கே தெரியும். எண்ணுகிறார்கள், கூப்பிடவில்லை. இருந்தாலும் அதைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

எண்ணும் முறை என்னிடம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஏனென்றால் அந்தச் சொல்லை நான் என் கணவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர் என்னை வா, போ, நீ என்பார். நான் வாங்க, போங்க, நீங்க. அப்படித்தான் வளர்ந்தோம். ஆண்டவரைக்கூட ஜெபத்தில் 'நீர்' என்போமே தவிர 'நீ' என்று சொல்லமாட்டோம், கட்டின புருஷனையா சொல்வேன்? அவருக்கு அதில் ஒரு குறை. ரூட் ஒன் நெடுஞ்சாலை சிக்னலில் கார் நிற்கும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

"ஏய், ஒரே ஒரு தடவ 'நீ'ன்னு சொல்லேன். காது குளிரக் கேட்டுக்கறேன்."

"உங்களுக்கு வேற வேலயே இல்லையா? கிரீன் விழுந்துடுச்சு, போங்க."

"பாத்தியா, திட்டும்போதும் மரியாத! இங்கிலீஷ்ல மட்டும் என்னை யூன்னு சொல்ற?"

"அது வேற. அதுல உறைக்காது."

கடைசிவரை சொல்லவில்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. அவரும் கேட்பதை விடவில்லை. இன்னும் நிறைய சிக்னல் வரும் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

போன வசந்தத்தில் எங்கள் டீச்சர் என்னைப் பச்சை பெல்ட் தேர்வுக்கு நிற்கச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கறாரான பெண்மணி. தேர்வில் குத்து உதை தவிர இன்னும் இரண்டு உண்டு. நம் கராத்தே பிரிவு எப்படி வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறகு வகுப்பு முழுவதுக்கும் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் பெல்ட் கிடையாது, தண்ணீர் குடிக்கவும் விடமாட்டேன் என்றார். கவனித்திருக்கிறார் போல.

பெல்ட் போனால் போகட்டும். ஆனால் இந்த இடத்திலும் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் செத்துப்போகும்வரை நான் அதைச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. அடுப்படியில் நின்று பழகிப் பார்த்தேன். "இச்சி" என்பேன். அடுத்தது தொண்டையில் நிற்கும். பால் பொங்கி வழியும்.

மகனிடம் போனில் சொன்னேன். "மாம், இட்ஸ் ஜஸ்ட் டென் நம்பர்ஸ்" என்றான்.

"அதுல ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குதுடா."

"விச் ஒன்?"

"ரெண்டு."

"டூ? தட்ஸ் த ஈஸியஸ்ட் ஒன்!" என்று சிரித்தான். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

சரித்திரம் மட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. தேர்வன்று மடமடவென்று சொன்னேன். எங்கள் பிரிவுக்கு கோஜு என்று பெயர். கோ என்றால் கடினம், ஜு என்றால் மென்மை. ஜப்பானுக்குத் தெற்கே இருக்கிற ஓகினாவா என்ற தீவின் துறைமுக ஊர்க்காரர் ஒருவர் இளம் வயதில் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார். அங்கே ஒரு ஆசானிடம் வருடக்கணக்கில் கிடந்து கற்றுக்கொண்டு திரும்பிவந்து ஊரில் சொல்லிக்கொடுத்தார். அந்த வித்தைக்கு அப்போது தனிப் பெயர் இல்லை. 'கை' என்றாலே ஊருக்குப் புரியும். அவருடைய சீடர் காலத்தில், அந்தச் சீடரிடம் படித்த ஒருவர் ஜப்பானுக்குப் போய்ச் செய்துகாட்டினார். 'உங்கள் பிரிவுக்கு என்ன பெயர்?' என்று அங்கே கேட்டார்களாம். மனிதர் திருதிருவென்று முழித்தாராம். அவர் திரும்பிவந்து சொன்ன பிறகுதான், பழைய சீன நூல் ஒன்றில் மூச்சை இழுப்பதையும் விடுவதையும் பற்றி வரும் வரியிலிருந்து இந்தப் பெயரை எடுத்து வைத்தார்கள். தங்களுக்குள்ளேயே இருந்தவரை பெயர் தேவைப்படவில்லை பாருங்கள். நானும் 'என்னங்க' என்ற ஒன்றை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

கராத்தே என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் 'சீனக் கை' என்ற பொருளில் எழுதினார்கள். பிற்பாடு சத்தத்தை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி 'வெறும் கை' ஆக்கினார்கள். ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம்.

அப்புறம் யுத்தம் வந்தது. தனக்குப் பிறகு இவன்தான் என்று அந்தச் சீடர் நம்பியிருந்த மாணவர் அதில் செத்துப்போனார். வாத்தியார் மட்டும் மிஞ்சினார். மறுபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தீவில் முகாம் போட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து கற்றுக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் டீச்சரின் அப்பாவும் அப்படி ஒரு சிப்பாய்தான். இல்லாவிட்டால் நியூ ஜெர்சியில் கறிவேப்பிலை விற்கும் கடைக்குப் பக்கத்தில் இது எப்படி வரும்?

பிறகு சான்ச்சின் என்ற பயிற்சி. எங்கள் பிரிவுக்கு அஸ்திவாரம் அதுதான். உடம்பை இறுக்கி, மூச்சு சத்தம் கேட்க, மெதுவாக நடக்க வேண்டும். டீச்சர் பின்னால் வந்து இரண்டு தோளிலும் பளார் பளார் என்று அறைந்து இறுக்கத்தைச் சோதிப்பார். மற்றவர்கள் அதற்குப் பயப்படுவார்கள். நான் பயப்பட்டதில்லை. பல வாரங்களில் என்மேல் படும் ஒரே மனுஷக் கை அதுதான்.

கடைசியாக முன்னால் நிறுத்தினார்கள். எல்லோரும் முஷ்டியை இடுப்பில் வைத்து என் வாயையே பார்த்தார்கள்.

"இச்சி!" என்றேன். குத்தினார்கள்.

அடுத்தது வரவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. பார்க்கிங் லாட்டில் யாரோ டிராலியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதையே பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, "நீ!" என்று கத்தினேன்.

எல்லோரும் காற்றைக் குத்தினார்கள். அவர்களுக்கு அது இரண்டு. சான், ஷி, கோ என்று பத்து வரை நிற்காமல் போய்விட்டேன். டீச்சர் தலையை ஆட்டினார். இன்னொரு முறை, இன்னும் சத்தமாக என்றார். இன்னொரு முறையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. வியர்வை என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் துண்டைக் கொடுத்தார்.

பெல்ட் கிடைத்தது. கை தட்டினார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், கலைந்து போனார்கள். மகனுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

ரூட் ஒன்னில் அதே சிக்னல், சிவப்பு. பெல்ட்டைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. சொல்லியாயிற்று, கேட்க ஆள் இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

"சொல்லிட்டேன், பாருங்க" என்றேன்.

பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்தது. கிரீன் விழுந்திருந்தது.

"சொல்லிட்டேன், பாரு" என்றேன்.