முந்தானை ஆடாத வீடு

சகோதரிகளே, என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்றரை வயதில் சாவு வாசல்வரை வந்து திரும்பிப் போனது. டில்லியில், ஒரு டிசம்பர் மாதத்தில். நான் ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த வீட்டுக்குத்தான் அது வந்தது. அவளைத் திரும்ப என் கையில் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் பழைய ராயபுரத்துக் கதை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எனக்குப் பேச வராது.

அப்போது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கடற்கரைக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. இப்போது அந்த இடத்தில் லாரி நிற்கிறது. பகலெல்லாம் வீடு வேகும். துறைமுகத்துக் கரித்தூள் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் படியும். கருவாட்டு வாசனை தலையணைவரைக்கும் வரும். ஆனால் நாலு மணி ஆனதும் கடல் காற்று கிளம்பும் பாருங்கள், தெருவே எழுந்து உட்காரும். கதவைத் திறந்து போட்டு, ஸ்டெல்லாவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். கப்பல் சங்கு ஊதினால் அவள் கை தட்டுவாள்.

எங்கள் தெருவில் அப்போது வீடு பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. பெண்பிள்ளை வாசலில் நின்று முந்தானையை விரித்துப் பிடிக்க வேண்டும். ஆடினால் காற்று வருகிற வீடு, மேற்கொண்டு பேசலாம். ஆடாவிட்டால் வாடகை என்னவென்றுகூடக் கேட்க மாட்டோம், திரும்பிவிடுவோம். வெயில் விழுகிற வீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

டில்லிக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் அக்கம்பக்கமெல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா, எஸ்தர் அண்ணி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“த பாரு ரோசி, எங்க போனாலும் காத்து வர்ற வூடா பாத்துப் புடி. கொயந்தைக்குக் காத்து முக்கியம். முந்தானிய புடிச்சுப் பாக்காம அட்வான்சு குடுத்துடாத.”

வண்டி நகர்ந்த பிறகும் தன் முந்தானையை ஆட்டிக் காட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார்கள். கம்பளி கொடுத்தவர்கள் உண்டு, காதுக்குக் குல்லாய் பின்னிக் கொடுத்தவர்கள் உண்டு. குளிர் ஊரில் எந்த மாதிரி வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கெல்லாம் குளிர் என்றால் மார்கழியில் விடியற்காலை கோயிலுக்குப் போகும்போது தலைக்கு முக்காடு போட்டுக்கொள்வதுதான்.

நாங்கள் போய் இறங்கியது செப்டம்பரில். அங்கேயும் வெயில் கொளுத்தியது. நாடு பிரிந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஜனங்களால் ஊர் நிரம்பிக் கிடந்தது, வீடு கிடைப்பதே பெரிய பாடு. என் வீட்டுக்காரரின் ஆபீசில் தங்கராஜ் என்று ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். அவர் எங்கேயோ அலைந்து ஒரே தெருவில் இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார்.

முதல் இடம் மொட்டை மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரி லாகூர் பக்கத்திலிருந்து வந்த பஞ்சாபி அம்மாள், தெருவே அவர்களை பீஜி என்று கூப்பிடும். மூன்று பக்கமும் ஜன்னல். ஒரு மரநிழல் கிடையாது. சுவரைத் தொட்டேன், சுட்டது. வாசலில் நின்று முந்தானையை விரித்துப் பிடித்தேன். அது பாட்டுக்குத் தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாங்க இது, ரொட்டி சுடற அடுப்பு மாதிரி கீது. கொயந்தைய இதுல போட்டு வறுக்கவா?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

பீஜிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என் சிரிப்பு புரிந்தது. சூரியனைக் காட்டி, குழந்தையைக் காட்டி, ஏதோ சொன்னார்கள். குளிர்காலத்தில் இந்த அறைக்குப் போட்டி இருக்கும், இப்போதே பிடித்துக்கொள் என்கிறார்கள் என்று தங்கராஜ் சொன்னார். அறையைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வீடு, அதே தெருவில் பிரிகிற ஒரு சந்துக்குள். கீழ்த்தளம், வடக்குப் பார்த்த வாசல், எதிரே உயரமான மாடி வீடு. உள்ளே கால் வைத்தேன், கல்தரை ஜில்லென்று இருந்தது. முந்தானையைப் பிடித்தேன், அது பறந்து என் முகத்திலேயே அடித்தது. ராயபுரமே கூட வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அங்கேயே நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அட்வான்சும் கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர்வரை ராஜ வாழ்க்கை. தீபாவளி கழிந்தது, காற்று திரும்பியது. எந்தக் காற்றுக்கு ஸ்தோத்திரம் சொன்னேனோ அது வடக்கே இருந்து கத்தி மாதிரி உள்ளே வந்தது. கதவுச் சந்தில் சாக்கு அடைத்தேன், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அந்த வீட்டுக்கு ஒரு நாளும் வரவே இல்லை. சுவர் ஈரம் கசிந்தது. குழந்தையின் துணி நாள்கணக்கில் காயாமல் தொங்கியது. அரைகுறையாகக் காய்ந்த துணியைத்தான் அவளுக்கு மாற்ற முடிந்தது.

முதலில் சளி, பிறகு காய்ச்சல். டிசம்பரில் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். மார்ச்சளி முற்றிவிட்டது, கரியடுப்புப் புகை ஆகாது, சூடான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள் என்றார். அப்படி ஓர் இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஊருக்கே போய்விடலாம் என்றார் என் வீட்டுக்காரர். இந்த நிலையில் இரண்டு நாள் ரயில் பிரயாணத்தைக் குழந்தை தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்து தெருத்தெருவாக வீடு தேடினார். பீஜியின் மாடி அறையில் ஒரு காலேஜ் வாத்தியார் எப்போதோ குடிவந்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் கிளம்பிப் போனதும் அந்தக் கல்தரையில் முழங்கால் போட்டேன்.

“ஆண்டவரே, எனக்கு வேற ஒண்ணும் வாணாம். எங்க ராயபுரத்துக் காத்தக் குடும். என் கொயந்த அந்த வாசப்படில உக்காந்து கை தட்டணும். அவ்ளோதான்.”

முழங்கால் மரத்துப்போகும்வரை இதையே சொன்னேன். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. எழுந்தபோது, இவளை வெளியே தூக்கிக்கொண்டு போ என்று மட்டும் மனதில் பட்டது. போனேன்.

சந்து முனையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் கிடந்தது. அதில் நின்றேன். சற்று நேரத்தில் ஸ்டெல்லாவின் முனகல் குறைந்த மாதிரி இருந்தது. நிழல் வந்து என் காலைத் தொட்டது, நான் தள்ளி நின்றேன். மறுபடி நிழல் வந்தது, மறுபடி தள்ளினேன். இப்படியே வெயில் போன இடத்துக்கெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். ரிக்‌ஷாக்காரர்கள் திட்டினார்கள், காய்கறி விற்பவன் இது பைத்தியமா என்று பார்த்தான். மதியம் நெருங்கும்போது தெருவைக் கடந்து ஒரு வீட்டுப் படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அது பீஜியின் வீடு.

அவர்கள் மேலே ரஜாய், அதுதான் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்கள். குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தன் சால்வைக்குள் போட்டுக்கொண்டு திரும்ப மாடி ஏறினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். பாதிப் படியில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. மேலே இருந்து கூலியாட்கள் ஒரு கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே புத்தக மூட்டையோடு அந்த வாத்தியார் வந்தார். அவருக்குக் காலேஜிலேயே வீடு கொடுத்துவிட்டார்களாம், அன்று காலையில்தான் காலி செய்கிறார்.

அறைக்குள் தரை முழுக்க வெயில். பீஜி குழந்தையைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, கடுகெண்ணெயைச் சூடாக்கி மார்பில் தடவினார்கள். நான் வாசலில் நின்றேன். என்னையறியாமல் பழக்கத்தில் முந்தானையை விரித்துப் பிடித்துவிட்டேன். அது ஆடவே இல்லை. அது ஆடாததைப் பார்த்து அன்றைக்கு நான் அழுத அழுகை, அப்பப்பா.

சாயங்காலமே சாமான்களை மாற்றிவிட்டோம். ஊசி போட்ட டாக்டரையும் நான் மறக்கவில்லை. ஆனால் குழந்தையை அந்த வெயிலில் போட்ட பிறகுதான் ஊசி வேலை செய்தது என்று அவரே சொன்னார். கிறிஸ்துமஸ் அன்று ஸ்டெல்லா மாடியில் எழுந்து உட்கார்ந்தாள். தூரத்தில் ஒரு ரயில் ஊதியது. அவள் கை தட்டினாள்.

அடுத்து வந்த கோடையில் அந்த அறை நான் சொன்ன மாதிரி ரொட்டி அடுப்பாகத்தான் ஆனது. அது வேறு கதை. பீஜி பகலில் எங்களைக் கீழே தன் அறைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அங்கே இருந்தவரைக்கும் எனக்கு அவர்கள்தான் தாய்வீடு.

சில வருஷம் கழித்து ராயபுரத்துக்கே திரும்பினோம். எஸ்தர் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, ஆனா காத்து இல்லாத வூட்ல எப்பிட்றீ இருந்த?” என்றார்கள்.

முன்பெல்லாம் நான் ஜெபம் பண்ணும்போது, இன்ன தெரு, இன்ன வாசல் என்று ஆண்டவருக்கு விலாசமும் சேர்த்துச் சொல்லுவேன். அந்த டிசம்பருக்குப் பிறகு என் தேவையை மட்டும் சொல்கிறேன். வாங்கிய அடி அப்படி. கேட்டது கிடைக்கவில்லை என்று உங்களில் யாராவது மனம் கசந்து உட்கார்ந்திருந்தால், ஒரு காலத்தில் நீங்கள் சிரித்துவிட்டு வந்த வாசலையும் போய்ப் பாருங்கள். அங்கே அவர் உங்களுக்காக இடம் காலி பண்ணிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வாரம் என் மருமகனுக்கு அதே டில்லிக்கு மாற்றல். கைக்குழந்தையோடு போகிறாள் என் பெண், வீடு எப்படிப் பார்ப்பது என்று நேற்று என்னைக் கேட்டாள். முந்தானையை விடு, குளிர்காலத்தில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று அந்த ஊர்க்காரியைக் கேள், அவள் சொன்னால் சிரிக்காதே என்றேன். நீங்களும் அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்டெல்லா, எழுந்து நில்லும்மா. எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும்.