காணாமல் போன மாட்டுக்கான பிரார்த்தனை

என் வீட்டுக்காரர் பொறாமைக்காரர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்னொருவருக்கு முதுகுவலி இருக்கிறது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். பணக்காரனைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை வராது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வருவார். அவருடைய வயிற்றெரிச்சல் முழுக்க ஒரே ஓர் ஆள்மேல்தான். அந்த ஆள் என் அண்ணன்.

இவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் நின்று ஃப்ரேம் காட்டுகிற வேலை இல்லை, பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகாது. நான் தைக்கிற திரைச்சீலையில், நான் பேசுகிற பேச்சில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய வீட்டுப்பாடத்தில் கீறல் தேடுவார். தெருவில் அவருக்குப் பெயர் 'திருத்தம்'. அது அவருக்கும் தெரியும். பொருத்தமான பெயர்தான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எங்கள் பிரார்த்தனைக் கூடம் ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பிரார்த்தனைகள் எல்லாம் பழைய மொழியில் இருக்கும். நம் எழுத்தில் அச்சடித்திருப்பதால் எல்லாருக்கும் வாசிக்க வரும், யாருக்கும் அர்த்தம் தெரியாது. சின்ன வயதில் மனப்பாடம் செய்தோம், இன்றுவரை ஒப்பிக்கிறோம். இவர் மட்டும் கல்யாணமான புதிதில் பழைய பேப்பர் கடையில் ஓர் அகராதியைப் பிடித்துவந்து, தானாகவே அந்த மொழியைப் படிக்க ஆரம்பித்தார். மற்றப் பெண்களுக்குச் சக்களத்தி சேலை கட்டிக்கொண்டு வருவாள். எனக்கு அட்டை கிழிந்து வந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அவள், தலையணைக்குப் பக்கத்திலும் அவள். நான் புதுப்புடவை கட்டி நின்ற ஒரு சாயங்காலம், நிமிர்ந்து பார்த்து, "இந்தச் சொல்லுக்கு இத்தனை நாளா தப்பா அர்த்தம் நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடலாமா என்று நான் நினைத்தது உண்மை.

படித்து முடித்ததும் கூடத்தில் வாரம் ஒருநாள் அர்த்தம் சொல்லும் வகுப்பு வைத்தார். முதலில் ஒரு கூட்டம் வந்தது. அப்புறம் பாதியானது. அப்புறம் மின்விசிறிக்காக வாட்ச்மேன் மட்டும் வந்தார். கடைசியில் நான்தான் மிச்சம். திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்துப் பேசமாட்டார், காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேசுவார்.

"முன்னெல்லாம் ஜனங்க புரிஞ்சுதான் சாமி கும்பிட்டாங்க. இப்ப எல்லாம் கிளிப்பிள்ளைங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்பார் வீட்டுக்கு வரும் வழியில்.

"முன்னெல்லாம்னா எப்போ?"

"எங்க அப்பா காலத்துல."

"உங்க அப்பாவும் எங்கிட்ட இதையேதான் சொன்னாரு. அவரு அப்பா காலத்துல எல்லாருக்கும் புரிஞ்சுதாம்."

அன்றைக்கு ராத்திரி அகராதியை எடுத்துக்கொண்டு முன்னறையில் போய்ப் படுத்தார்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் டெப்போவில் மெக்கானிக். கூடத்தில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர். அப்படியொரு குரல். வாயைத் திறந்தால் கீழே பெயின்ட் வாங்க வந்தவர்கள்கூட மேலே பார்ப்பார்கள். ஆனால் பழைய மொழியில் அவனுக்கு ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. சொற்களை நடுவில் உடைப்பான், இரண்டு வரிகளை ஒட்டுவான், மூச்சு முட்டினால் ஒரு வரியை விழுங்குவான். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிய வரியைத் தேடிக்கொண்டிருப்பார். அவரும் ஒருமுறை பாடிப் பார்த்தார். எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி இருந்தது. கூடத்தில் எதிரொலி சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் என் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். டெப்போவிலிருந்து க்ரீஸ் கையோடு போய், படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பிரார்த்தனையை நீட்டி முழக்குவான். இங்கேதான் சங்கதி இருக்கிறது. புதிதாக அச்சடித்த புத்தகத்தில் காகிதத்தை மிச்சப்படுத்த, எந்தப் பிரார்த்தனை எதற்கு என்று சொல்லும் தலைப்புகளை எடுத்துவிட்டார்கள். என் அண்ணன் ராகத்துக்கு வசதியாக இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அவன் அதை முதன்முதலில் சொன்னது படுத்த படுக்கையாக இருந்த டெப்போ மேனேஜருக்கு, அவர் எழுந்து நடந்துவிட்டார். அதிலிருந்து நோயாளிக்கு அதுதான் என்று ஆகிவிட்டது. உண்மையில் அது காணாமல் போன மாட்டைத் தேடும்போது சொல்ல வேண்டிய பிரார்த்தனை.

இதை ஊரிலேயே அறிந்தவர் தான் ஒருவர்தான் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருந்தார். பல வருஷமாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கினார். நாலு பேர் என் அண்ணன் கையைப் பிடித்து, "உங்க வாக்குதான் எங்கம்மாவ எழுப்பிச்சு" என்று சொல்லும்போதெல்லாம், இவர் முகம் புளியைக் கரைத்த மாதிரி ஆகும்.

அப்புறம் எனக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கூடத்திலிருந்து வார்டுக்கு வந்து பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி, யார் சொல்லட்டும் என்று என்னிடமே கேட்டார்கள். இவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நோயாளிக்கான சரியான பிரார்த்தனை அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

"அண்ணனே சொல்லட்டும்" என்றேன்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினேன் என்று எனக்கே தெரியும். அவர்கள் போனதும் இவர் கதவைச் சாத்தினார். "சரி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உங்க அண்ணன் இத்தனை வருஷமா மாட்டைத்தான் கூப்பிட்டுட்டிருந்தார்னு. சொல்லணுமா வேண்டாமா?"

ஆபரேஷனைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் அண்ணன் பிரார்த்தனை சொல்லியும் பிழைக்காதவர்கள் உண்டு. அந்த வீடுகளிலிருந்தும் நாளைக்கு ஆட்கள் வருவார்கள். கடைசி நேரத்தில் தங்கள் அம்மாவின் காதில் விழுந்தது மாட்டுக்கான வரிகள் என்று தெரிந்தால் அவர்கள் என்ன ஆவார்கள்? என் அண்ணன் அப்புறம் வாயைத் திறப்பானா?

மறுநாள் சாயங்காலம் வார்டில் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "பயப்படாத பாப்பா" என்று என் தலையைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தான். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். ஊசி போட வந்த நர்ஸ் அப்படியே நின்றாள். அவன் முடித்தான். இவர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒரு நிமிஷம். இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் திரும்பி, கூச்சத்தோடு சிரித்தான். "எனக்கு என்ன தெரியும் மாப்ள? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. நீங்க சொல்லுங்க."

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் அவர் வாயைப் பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "எனக்குத் தலை சுத்துது. எல்லாரையும் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றேன்.

தனியாக ஆனதும் சொன்னேன். "அது மாட்டுக்குன்னு நீங்க நேத்து சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க. கடைசியில வகுப்புல நான் மட்டும் உக்காந்திருந்தேனே, அப்ப." அவர் நம்பாததைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "'இருட்டுல போனவளே, என் சத்தம் கேக்குதா. முள்ளு வழி வேண்டாம். போன வழியே திரும்பி வா. உன் கொட்டகையில விளக்கு எரியுது.'"

"தொழுவத்துல" என்றார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம், "எல்லாம் தெரிஞ்சுமா அவரச் சொல்லச் சொன்ன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொன்னா நான் உங்களத்தாங்க பாத்துட்டிருப்பேன். எங்க தப்பு வந்துடுமோ, வந்தா இன்னிக்கு முழுக்க மனசு கெட்டுப்போவீங்களேன்னு. அண்ணன் சொல்லும்போது அவனை யாரு கவனிக்கிறா? அப்பதான் எனக்குச் சாமி ஞாபகம் வருது."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே வராந்தாவில் அண்ணனைச் சுற்றி ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவர் போகவில்லை. எதையும் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் காலையில் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு முதல் ஷிஃப்ட், அதனால் இவர் மட்டும் கூட வந்தார். நடந்துகொண்டே மெதுவாக நோயாளிக்கான பிரார்த்தனையை ஆரம்பித்தார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். தெரியாமல் இல்லை, குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டார். தியேட்டர் கதவு வந்தது. அதற்குமேல் வரக்கூடாது என்று அவரை நிறுத்திவிட்டார்கள்.

கதவு மூடிய பிறகு வெளியே அந்தக் குரல் கேட்டது, எண்ணெய் போடாத தையல் மெஷின். மாட்டுக்கான பிரார்த்தனையை என் அண்ணனின் ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். போன வழியே திரும்பி வா என்ற இடத்தில் அண்ணன் எப்போதும் ஒரு சொல்லைத் தப்பாக உடைப்பான். இவரும் அதே இடத்தில், அதே மாதிரி உடைத்தார். திருத்தவில்லை.