பதினொரு மணிக்குப் பால் வராது

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜெரம் என்ற ஊருக்குப் போகும் சாலையோரம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தைக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றினார்கள். அங்கே நான் ரயில் ஓட்டுநர். டீசல் இஞ்சின், மூன்று சின்னப் பெட்டிகள். தோட்ட வேலை எப்படி நடக்கும் என்று பட்டணத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதலாளி தவுக்கேயின் திட்டம். நல்ல மனுஷர், தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனர். ஆனால் கடையில் இருந்தவருக்கு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால் வெட்டு எப்படித் தெரியும்?

பால் வெட்டிக் காட்ட லெட்சுமி அக்காவை எடுத்தார்கள். இருபது வருஷம் வெட்டியவர். பூங்காச் சம்பளத்தை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பூங்கா திறப்பதோ பத்து மணிக்கு. முதல் ஞாயிறு, பதினொரு மணிக்கு ரயில் நிறையக் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கினேன். அக்கா வெட்டினார். வெயில் ஏறிய பிறகு பால் எங்கே ஓடும்? மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நாலு சொட்டுகூட விழவில்லை.

மறுநாளே மேனேஜர், டின் பாலைத் தண்ணீரில் கரைத்து மங்குகளில் முன்கூட்டியே ஊற்றி வைக்கச் சொன்னார். முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பாராம். அக்கா அசையவில்லை.

"டின் பால ஊத்த எனக்குக் கை வராது சார். காலையில ஆறரைக்கு பூங்கா கேட்டத் தொறங்க லா, நெசப் பால நான் காட்டறேன்."

அந்த நேரத்துக்கு ரயிலை நான் எடுக்கிறேன், ஓவர்டைம்கூட வேண்டாம் என்றேன். மேனேஜர் முனகிக்கொண்டே ஒரு மாதம் கெடு கொடுத்தார். முதல் வாரம் இரண்டே பேர், அதில் ஒருவர் பாதித் தூக்கத்தில். மூன்றாம் வாரம் ரவாங்கிலிருந்து ஒரு பள்ளி பஸ் வந்தது. வெட்டிய கோட்டில் பால் இறங்கி மங்கில் சொட்டுவதைப் பார்த்து, அந்த வாலுப் பிள்ளைகள் அடுத்த மரத்துக்கும் அக்கா பின்னாலேயே ஓடினார்கள். அதைப் பார்த்து மேனேஜர் டின் பால் பேச்சை விட்டார்; அக்காவின் வேலை தப்பியது.

நாலு வருஷம் அப்படி ஓடியது. பிறகு தவுக்கேயின் மகன் பொறுப்புக்கு வந்தார். கூட்டம் கேட்டது தண்ணீர்ச் சறுக்கு. மரங்களைச் சாய்த்தார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். அன்று நான் அழுதேன், மறைக்கவில்லை. அக்கா மறுநாளே சறுக்கின் அடியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். திட்டத்தை மாற்றும்போது முதலாளிகள் நம்மைக் கேட்க மாட்டார்கள். பொய்யாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் மட்டும் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அப்போது மாட்டேன் என்று சொல்லுங்கள்.