மூன்று முறை எடுத்த சீட்டு

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் மனைவி மேரிக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முன் அழாமலே பிறந்த இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர்கள் நாங்கள். அது 1976, மழைக்காலம். மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை எனக்கு.

வயிற்றுப்பிள்ளைக்காரி கொழுந்து எடுப்பதில் பின்தங்கினாள் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அவளுக்கு அரை நாள் கூலி மட்டும் பதிந்தார். காலையில் ஆட்களைக் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும், அவர் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தேன். அதே களத்தில் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

நான் கேட்பதாக இல்லை. கம்போங் ராஜாவுக்கு அப்பால் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை இருந்தது. தங்குவதற்குத் தகரக் கொட்டகை. மண் பாதை, மழை பெய்தால் லோரி ஏறாது. பிள்ளையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கர்த்தரின் சித்தம் அறிய, 'போ', 'இரு' என்று இரண்டு சீட்டு எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்து, ஜெபித்து எடுத்தேன். 'இரு' வந்தது. சரியாக ஜெபிக்கவில்லை என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் 'இரு'. மூன்றாம் தடவை 'போ' வந்தது. கர்த்தர் பேசிவிட்டார் என்று மேரியிடம் காட்டினேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"மொத தடவையே சொல்லிட்டாரு லா. ஒங்களுக்குப் புடிச்சது வர்ற வரைக்கும் எடுக்க, அவரு என்ன லாட்டரி நம்பர் கடையா நடத்துறாரு?"

கோபத்தில் எழுந்து போய்த் தேயிலை மேட்டில் உட்கார்ந்தேன். அங்கேதான் உறைத்தது. முடிவை நானே எடுத்துவிட்டு, கர்த்தரிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் செய்கிறேன். பிள்ளையை மட்டும் உயிரோடு கொடும்" என்று அழுதேன்.

பிரிஞ்சாங் டவுனில் புதுக் குடை வாங்கி, மறுநாள் களத்தில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். கிராணி அதை விரித்துப் பார்த்தார்.

"பழசு இதவிட நல்லாருந்துச்சு லா."

ஆட்கள் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாம் நாள், கொட்டும் மழையில், நாளுக்கு முன்பே மேரிக்கு வலி வந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர். துரை ஊரில் இல்லை. ஜீப் சாவி கிராணியிடம். ஓடினேன். அவர் சாவியோடு வந்தார். எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து ஜீப் வரைக்கும் மேரி நனையாமல் அந்தக் குடையைப் பிடித்தார். தானே ஓட்டினார்.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழுதது. அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். கொட்டகைக்குப் போயிருந்தால் அந்த மழையில் எந்த வண்டி ஏறி வந்திருக்கும்?

கிராணி அரை நாள் போட்டது நியாயம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். என் கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அதன்பின் யார் குடையையும் முறிக்கவில்லை. சீட்டும் எழுதுவதில்லை.

சகோதரரே, சகோதரிகளே, கர்த்தரிடம் கேளுங்கள். பிடிக்காத பதில் வந்தால் மறுபடி கேட்காதீர்கள். பயந்துகொண்டாவது அதைச் செய்யுங்கள். அவர் கைவிட மாட்டார்.

எங்கள் மகள் கிருபைக்கு இப்போது ஒன்பது வயது. ஞாயிறு பள்ளியில் பாட்டு என்ற பெயரில் கத்துகிறாள். நான் அடக்குவதில்லை. ஸ்தோத்திரம்.